மூன்று கப்பலில் வந்தவர்களா கோத்துகள்?

1434-ஆம் ஆண்டு. இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் பாசல் நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அங்கே ஒரு சண்டை வந்தது. இறையியல் சண்டை இல்லை. யார் எந்த இடத்தில் உட்காருவது என்கிற சண்டை.

ஸ்வீடனிலிருந்து வந்த பிஷப் நிக்கோலாஸ் ராக்வால்டி எழுந்தார். "எங்கள் அரசர் கோத்துகளின் வாரிசு. ரோமாபுரியையே வென்ற கோத்துகள் எங்கள் மண்ணிலிருந்து புறப்பட்டவர்கள். அதனால் எங்களுக்குத்தான் முன்வரிசை" என்பது அவருடைய வாதம். ஸ்பெயின்காரர்கள் விடுவார்களா? தங்கள் அரசர்களும் கோத்துகளின் வாரிசுகள்தான் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. துணிச்சல் உள்ள கோத்துகள் கிளம்பிப் போய் நாடுகளைப் பிடித்தார்கள், சோம்பேறிகள்தான் ஸ்வீடனிலேயே தங்கிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்தார்கள்!

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த மாநாடு நடந்தபோது கோத்துகளின் கடைசி அரசு விழுந்து 700 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்வீடனிலோ ஸ்பெயினிலோ கோத் மொழி பேச ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் இரண்டு நாடுகள் அந்தப் பெயருக்காக மல்லுக்கட்டுகின்றன. இரண்டு பேரும் நம்பியது ஒரே கதையைத்தான்: கோத்துகள் என்று ஒரு கூட்டம் ஸ்காண்டிநேவியாவில் பிறந்தது, அங்கிருந்து அப்படியே நடந்து ஐரோப்பாவைக் கடந்தது, கடைசியில் ரோமை அடைந்தது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். பழைய ஜெர்மானியக் குடிகளில் கோத்துகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுத்துச் சான்று, மண்ணுக்குள்ளே கிடைத்த சான்று, எலும்பிலிருந்து எடுத்த மரபணுச் சான்று என மூன்றும் இவர்களுக்குக் கிடைக்கிறது.

முதலில், 'ஜெர்மானியர்' என்றால் யார்?

அந்தக் காலத்தில் எந்த ஜெர்மானியனும் தன்னை "நான் ஜெர்மானியன்" என்று சொல்லிக்கொண்டதற்குச் சான்று இல்லை. அது ரோமர்கள் வைத்த பெயர். அதைப் பிரபலமாக்கியவர் ஜூலியஸ் சீசர். ரைன் ஆற்றுக்கு மேற்கே இருப்பவர்கள் கால்கள், கிழக்கே இருப்பவர்கள் ஜெர்மானியர்கள் என்று அவர் கோடு போட்டார். அது அவருக்கு அரசியல் ரீதியாக வசதியான கோடு. தான் வென்ற பகுதிக்கு ஒரு இயற்கை எல்லை இருக்கிறது, அதைத் தாண்டி இருப்பவர்கள் வேறு வகை மனிதர்கள் என்று ரோமில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடலாம் அல்லவா? உண்மையில் ஆற்றின் இரண்டு பக்கமும் மக்கள் கலந்தேதான் இருந்தார்கள்.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, கி.பி. 98-இல், டாசிடஸ் 'ஜெர்மானியா' என்ற சிறு நூலை எழுதினார். ஜெர்மானியர்கள் வேறு இனங்களோடு கலக்காதவர்கள், அந்த மண்ணிலேயே தோன்றியவர்கள் என்று அதில் ஒரு கருத்து வருகிறது. அந்தக் காட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் போய்க் குடியேற யார் ஆசைப்படுவார்கள் என்பது அவருடைய தர்க்கம்! ரோமானியச் சமூகம் கெட்டுப்போய்விட்டது என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அதைக் குத்திக்காட்ட ஒரு எளிய, முரட்டு, ஒழுக்கமான மக்கள் கூட்டம் தேவைப்பட்டது. அந்த வேலையை ஜெர்மானியர்கள் செய்தார்கள். இந்தச் சின்ன நூலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் திரும்ப வரும்.

இன்றைக்கு ஆய்வாளர்கள் 'ஜெர்மானிய' என்ற சொல்லைப் பெரும்பாலும் மொழிக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ஒரு கிளை. அந்தக் கிளையைத் தனியாக அடையாளம் காட்டுவது ஒரு ஒலி மாற்றம். லத்தீனில் 'ப' ஒலி வரும் இடத்தில் இங்கே 'ஃப' வரும். 'க' வரும் இடத்தில் 'ஹ' வரும். லத்தீனில் அப்பா 'பாட்டர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. லத்தீனில் கொம்பு 'கோர்னு', ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. இதை 1822-இல் ஒழுங்கான விதியாக எழுதி வைத்தவர் யாக்கோப் கிரிம். ஆமாம், தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான்.

இந்த மொழி எங்கே உருவானது? டென்மார்க், தெற்கு ஸ்காண்டிநேவியா, வட ஜெர்மனி ஆகிய பகுதிகள் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வட ஜெர்மனியில் யாஸ்டார்ஃப் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் தொல்லியல் பண்பாடு கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்குகிறது. அதைத்தான் வழக்கமாக இந்த மொழியோடு இணைத்துப் பேசுவார்கள். பக்கத்தில் ஃபின்னிஷ் மொழியிலும் ஒரு தடயம் இருக்கிறது. ஃபின்னிஷ் ஜெர்மானிய மொழியே இல்லை, வேறு குடும்பம். ஆனால் அதில் அரசனுக்கு 'குனிங்காஸ்' என்று பெயர். ஆங்கில 'கிங்', ஜெர்மன் 'கோனிக்' இரண்டும் தேய்ந்துபோன பிறகும், பழைய ஜெர்மானிய வடிவத்தைக் கடன் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஆக மொழிக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. ஆனால் மொழியின் பிறப்பிடமும் மக்களின் பிறப்பிடமும் ஒன்றுதானா? சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரவல் வாங்கிய புத்தகத்திலிருந்து ஒரு வரலாறு

கோத்துகளின் பூர்வகதையை நமக்குச் சொல்பவர் யோர்டானஸ். கி.பி. 551 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிளில் உட்கார்ந்து லத்தீனில் எழுதினார். அவர் சொல்லும் கதை இது:

வடகடலில் ஸ்காண்ட்சா என்று ஒரு தீவு. தேனீக்கள் கூட்டிலிருந்து கிளம்புவது மாதிரி அங்கிருந்து மக்கள் கூட்டங்கள் வெளியே வந்தன. பெரிக் என்ற அரசன் தலைமையில் கோத்துகள் மூன்று கப்பல்களில் கிளம்பி எதிர்க்கரையில் இறங்கினார்கள். அந்த இடத்துக்குக் கோத்திஸ்காண்ட்சா என்று பெயர் வைத்தார்கள். ஒரு கப்பல் மட்டும் மெதுவாகப் பின்னால் வந்தது. அதில் வந்தவர்கள்தான் கெபிடுகள், அந்தப் பெயருக்கே மந்தமானவர்கள் என்று பொருளாம். (கெபிடுகள் கோத்துகளின் பக்கத்து வீட்டுப் பகையாளிகள். ஆக வரலாற்றோடு ஒரு நக்கலும் சேர்ந்தே வருகிறது.) பிறகு சில தலைமுறை கழித்து, மக்கள்தொகை பெருகியதால், ஃபிலிமர் என்ற அரசன் அவர்களைத் தென்கிழக்கே கருங்கடல் பக்கம் அழைத்துப் போனான்.

இந்தப் புறப்பாடு தன் காலத்துக்கு ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்னால் நடந்தது என்பது யோர்டானஸ் கணக்கு. அதாவது கி.மு. 15-ஆம் நூற்றாண்டு. ரோம் நகரம் உருவாவதற்கு ரொம்ப முன்னாடி!

இந்தக் கதையை எழுதியவரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியை ஆண்ட கோத் அரசர் தியோடரிக்கின் அவையில் கசியோடோரஸ் என்ற ரோமானிய அதிகாரி இருந்தார். அவர் கோத்துகளின் வரலாற்றை 12 பகுதிகளாக எழுதினார். ரோமர்களை ஆள்பவர்கள் ரோமர்களுக்குக் குறையாத பழமை உள்ளவர்கள் என்று காட்ட வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அந்த நூல் இன்றைக்கு இல்லை. யோர்டானஸுக்கு அது மூன்று நாள் இரவலாகக் கிடைத்ததாம். படித்ததை ஞாபகத்தில் வைத்துச் சுருக்கி எழுதியதாக அவரே சொல்கிறார். இது போதாதென்று, கெட்டே என்ற முற்றிலும் வேறான ஒரு பழைய மக்களையும் கோத்துகளையும் ஒன்றாக்கிவிட்டார். பெயர் ஒரே மாதிரி ஒலித்தது, அவ்வளவுதான். அந்தக் குழப்பத்தில் அமேசான் பெண் வீராங்கனைகள்கூடக் கோத் வரலாற்றுக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இன்னொன்று. யோர்டானஸ் தன்னைக் கோத் வழியில் வந்தவராகக் காட்டிக்கொள்கிறார். ஆனால் அவருடைய தாத்தா எழுத்தராக வேலை பார்த்தது ஒரு ஆலன் தலைவனிடம். ஆலன்கள் ஜெர்மானியர்களே இல்லை. ஈரானிய மொழி பேசிய குதிரைவீரர்கள். தூய கோத் வரலாற்றை எழுதியவரின் சொந்தக் குடும்பமே கலப்பில் வாழ்ந்த குடும்பம்.

மண் என்ன சொல்கிறது?

சரி, யோர்டானஸ் சொன்னது முழுக்கக் கட்டுக்கதையா? அப்படியும் ஒதுக்கிவிட முடியாது.

கி.பி. 1-ஆம் நூற்றாண்டு ரோமானிய நூல்களில் 'குட்டோனஸ்', 'கோட்டோனஸ்' என்ற பெயர்கள் வருகின்றன. பிளினி சொல்கிறார், டாசிடஸ் சொல்கிறார். 2-ஆம் நூற்றாண்டில் தாலமி இவர்களை விஸ்துலா ஆற்றுப் பக்கம் வைக்கிறார். அது இன்றைய போலந்து. அதே இடத்தில், அதே காலத்தில், தொல்லியலாளர்கள் வியெல்பார்க் பண்பாடு என்று அழைக்கும் ஒன்று இருக்கிறது. மால்போர்க் நகரை ஒட்டிய ஒரு கல்லறைத் தொகுதியை வைத்து வந்த பெயர்.

இந்த வியெல்பார்க் மக்களின் கல்லறைகளில் ஒரு விசித்திரம் உண்டு. ஆண்களின் கல்லறையில் ஆயுதம் வைப்பதில்லை. பக்கத்திலேயே தெற்கில் இருந்த ப்ஷெவோர்ஸ்க் பண்பாட்டில் (வாண்டல்களை இதோடு இணைப்பார்கள்) இறந்தவரை எரித்து வாள், ஈட்டி எல்லாம் சேர்த்துப் புதைப்பார்கள். வியெல்பார்க்கில் எரிப்பதும் உண்டு, புதைப்பதும் உண்டு, ஒரே இடுகாட்டில் இரண்டும் நடக்கும். ஆனால் ஆயுதம் கிடையாது. ஓட்ரி போன்ற இடங்களில் கல்லறைகளைச் சுற்றி வட்டமாகக் கற்கள் நட்டிருக்கிறார்கள். ஸ்காண்டிநேவியாவிலும் இதே மாதிரிக் கல்வட்டங்கள் உண்டு.

இதைப் பார்த்ததும் "ஆகா, பெரிக்கின் கப்பல் வந்து சேர்ந்துவிட்டது" என்று முடிவு கட்டத் தோன்றும். முன்பு அப்படித்தான் கட்டினார்கள். ஆனால் வியெல்பார்க்குக்கு முன்னால் அதே இடத்தில் ஒக்சிவியே என்ற பண்பாடு இருந்தது. பல இடுகாடுகள் இரண்டு காலத்திலும் இடைவெளி இல்லாமல் தொடர்கின்றன. ஒரு கூட்டம் கப்பலில் வந்து இறங்கி இருந்தவர்களை விரட்டியிருந்தால், பழைய இடுகாட்டிலேயே தங்கள் ஆட்களைப் புதைத்திருப்பார்களா? உள்ளூர் மக்கள் இருந்தார்கள், அவர்களுடைய வழக்கம் மாறியது, கடலுக்கு அந்தப் பக்கத்துத் தொடர்பும் வந்து சேர்ந்தது. மண் காட்டுவது இவ்வளவுதான்.

அண்மைக் காலத்தில் மரபணு ஆய்வும் உள்ளே வந்திருக்கிறது. 2023-இல் போலந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, வியெல்பார்க் கல்லறைகளில் இருந்த மக்கள் வட ஐரோப்பிய, குறிப்பாக ஸ்காண்டிநேவியப் பக்கத்து இரும்புக்கால மக்களோடு நெருக்கமானவர்கள். அதாவது ஆட்கள் உண்மையாகவே வடக்கிலிருந்து வந்திருக்கிறார்கள். வெறும் பானையும் பழக்கமும் மட்டும் வரவில்லை. யோர்டானஸ் சொன்ன திசை சரி. ஆனால் கி.மு. 15-ஆம் நூற்றாண்டும், மூன்று கப்பலும், ஒரே அரசனும், ஒரே நாளில் ஒரு இனமும்? அதற்கெல்லாம் சான்று இல்லை. பால்டிக் கடல் அப்போது சுவர் இல்லை, சாலை. இந்தக் கரையும் அந்தக் கரையும் தலைமுறை தலைமுறையாகப் போக்குவரத்தில் இருந்தவை.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வியெல்பார்க் பாணிக் கல்லறைகள் தென்கிழக்கே நகர்கின்றன. 3-ஆம் நூற்றாண்டில் இன்றைய உக்ரைன், மால்டோவா, ருமேனியாவில் செர்னியாகோவ் என்ற புதிய பண்பாடு எழுகிறது. விஸ்துலாவின் முகத்துவாரத்திலிருந்து கருங்கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இந்த நகர்வுக்கு மூன்று, நான்கு தலைமுறை ஆகியிருக்கிறது. ஒரே ஊர்வலமாகப் போகவில்லை. ஒரு குடும்பம் நல்ல நிலம் தேடிப் போகும், அதைப் பார்த்து இன்னொன்று போகும், வாலிபர்கள் கூட்டமாகக் கொள்ளைக்குப் போய் அங்கேயே தங்குவார்கள். பெரும்பாலான இடப்பெயர்வுகள் அப்படித்தான்.

போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆனது? செர்னியாகோவ் கிராமங்களில் மாட்டுத் தொழுவமும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் வடக்கத்திய நீள வீடு இருக்கிறது. குழி தோண்டிக் கட்டிய குடிசை இருக்கிறது. கடலோரத்தில் கல்வீடு இருக்கிறது. சர்மேஷியப் புல்வெளி மக்களின் புதைக்கும் வழக்கம் இருக்கிறது. சக்கரத்தில் வனைந்த சாம்பல்நிறப் பானைகளும், ரோமானிய மதுச் சாடிகளும் ஒரே கிராமத்தில் கிடைக்கின்றன. இது ஒரு இனத்தின் குடியேற்றம் மாதிரி இல்லை. பல வகை மக்கள் ஒரு புதிய அதிகாரத்துக்குக் கீழே ஒன்றாக வாழக் கற்றுக்கொண்ட இடம் மாதிரி இருக்கிறது. அந்த அதிகாரத்தின் பெயர்தான் 'கோத்'.

வழியில் உருவான மக்கள்

இதற்கு ஒரு மனிதரையே உதாரணமாகச் சொல்லலாம். 3-ஆம் நூற்றாண்டில் கோத்துகள் ரோமப் பேரரசுக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள். 251-இல் டேசியஸ் என்ற பேரரசர் அவர்களோடு நடந்த போரில் செத்தே போனார். பிறகு கடல் வழியாகவும் ஆசியா மைனருக்குள் போய், கப்படோசியாப் பகுதியிலிருந்து கிறிஸ்தவர்களைக் கைதிகளாகப் பிடித்து வந்தார்கள். அந்தக் கைதிகளின் வழியில் பிறந்த ஒருவருக்கு உல்ஃபிலா என்று பெயர். கோத் மொழியில் 'ஓநாய்க்குட்டி'. இவர்தான் கோத் மொழிக்கு எழுத்து வடிவம் உண்டாக்கினார், பைபிளை மொழிபெயர்த்தார். அரசர்களின் போர்களைச் சொல்லும் பகுதிகளை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டாராம். ஏற்கெனவே சண்டைப் பிரியர்கள், இன்னும் ஏன் ஏற்றிவிட வேண்டும் என்று!

அந்த மொழிபெயர்ப்பின் ஒரு பிரதி, ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதியது, இன்றும் ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கோத் மொழியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த மொழிபெயர்ப்பால்தான். ஆக, கோத் மொழியைக் காப்பாற்றித் தந்தவர் கோத்துகள் அடிமையாகப் பிடித்து வந்தவர்களின் பேரன். அவர் கோத்தா, இல்லையா? அவருடைய காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: கோத்.

376-இல் பெரிய திருப்பம் வருகிறது. கிழக்கிலிருந்து ஹூணர்கள் அழுத்த, ஆயிரக்கணக்கான கோத் குடும்பங்கள் டான்யூப் ஆற்றங்கரையில் வந்து நின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரோமப் பேரரசு. உள்ளே விடுங்கள், நிலம் கொடுங்கள், உங்களுக்காகப் போரிடுகிறோம் என்று கேட்டார்கள். பேரரசர் வேலன்ஸ் சம்மதித்தார். ஆனால் வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டிய உள்ளூர் அதிகாரிகள் அந்தப் பசியையே வியாபாரம் ஆக்கினார்கள். நாய்களைப் பிடித்து வந்து, ஒரு நாய்க்கு ஒரு அடிமை என்ற கணக்கில் விற்றார்கள். தலைவர்களின் பிள்ளைகள்கூட அப்படிப் போனார்கள் என்று எழுதியிருப்பவர் அம்மியானஸ். அவர் ரோமானியப் படையில் இருந்தவர், கோத்துகளின் ஆள் இல்லை.

விளைவு கலகம். 378 ஆகஸ்ட் 9, அட்ரியானோபிள் (இன்றைய துருக்கியின் எடிர்னே). அன்று ரோமானியப் படையில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. வேலன்ஸின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அகதிகளாக வந்தவர்களை இரண்டே வருஷத்தில் எதிரிகளாக மாற்றிக்கொண்டது பேரரசு.

இதில் இனங்களின் பெயர்களைக் கவனியுங்கள். ஆற்றங்கரையில் நின்றபோது அவர்கள் தெர்விங்கி, கிரெய்துங்கி என்ற தனித்தனிக் கூட்டங்கள். நாம் பாடப் புத்தகத்தில் படிக்கும் 'விசிகோத்' அப்போது இல்லவே இல்லை. அது ரோமானிய மண்ணுக்குள்ளே, அடுத்த நாற்பது வருஷத்தில் உருவானது. 408-இல் ரோமானியத் தளபதி ஸ்டிலிக்கோ கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து இத்தாலிய நகரங்களில், ரோமப் படையிலேயே வேலை பார்த்த அந்நிய வீரர்களின் மனைவி மக்களை வெட்டிக் கொன்றார்கள். அந்த வீரர்கள் 30,000 பேர் கோத் தலைவன் அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்ததாக சோசிமஸ் எழுதுகிறார். ரோம் நகரை அலாரிக் முற்றுகையிட்டபோது நகரத்து அடிமைகளும் தப்பி ஓடி வந்து அவனோடு சேர்ந்தார்கள். இவர்களில் எத்தனை பேருடைய பாட்டன் ஸ்காண்டிநேவியாவைப் பார்த்திருப்பான்?

அந்த முற்றுகையை விலக்கிக்கொள்ள அலாரிக் வாங்கிய பொருள் பட்டியல் நமக்குச் சுவையானது. 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு ஆடைகள், சிவப்புச் சாயம் ஏற்றிய 3,000 தோல்கள், அப்புறம் 3,000 பவுண்டு மிளகு. ரோமுக்கு மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து, முசிறி மாதிரியான துறைமுகங்கள் வழியாகப் போன சரக்கு. நம் பக்கத்து மலையில் விளைந்த கறுப்பு மணி, டான்யூப் கரையில் பட்டினி கிடந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கப்பமாகப் போயிருக்கிறது. அவர்களுக்கு மிளகின் மதிப்பு தெரிந்திருக்கிறது என்பதே ஒரு சேதி. காட்டிலிருந்து நேராக வந்த முரடர்கள் மிளகு கேட்க மாட்டார்கள். ரோமானியச் சமையலையும் சந்தை விலையையும் அறிந்தவர்கள்தான் கேட்பார்கள்.

பேச்சுவார்த்தை முறிந்து, 410 ஆகஸ்ட் 24-இல் அலாரிக் ரோமுக்குள் புகுந்தான். அவன் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது பேரரசின் அழிவை இல்லை. தன் மக்களுக்கு நிலம், தானியம், தனக்கு ஒரு ரோமானியப் படைத்தலைவர் பதவி. நிலம் கடைசியில் 418-இல் தென்மேற்கு பிரான்ஸில் கிடைத்தது. அதற்குள் அலாரிக் இறந்து எட்டு வருஷம்.

வாண்டல்கள் கதையும் இதே மாதிரிதான். 429-இல் ஸ்பெயினிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டியவர்களில் வாண்டல்கள் உண்டு, ஆலன்கள் உண்டு, வேறு பலரும் உண்டு. அவர்களுடைய அரசரின் பட்டமே 'வாண்டல்களுக்கும் ஆலன்களுக்கும் அரசர்'. கலப்பை அவர்கள் மறைக்கவில்லை. பட்டத்திலேயே போட்டுக்கொண்டார்கள்.

மக்கள் கரைந்தார்கள், பெயர் தங்கியது

507-இல் பிராங்குகளிடம் தோற்று, விசிகோத்துகள் ஸ்பெயினுக்குள் ஒதுங்கினார்கள். 589-இல் அவர்களுடைய அரசர் ரெக்காரெட் கத்தோலிக்கத்தை அரசின் மதமாக முறைப்படி அறிவித்ததும் உள்ளூர் ரோமானியர்களோடு இருந்த பெரிய வேலி விழுந்தது. 711-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படையிடம் அரசும் விழுந்தது. இத்தாலியில் இருந்த கோத்துகளின் கதை அதற்கு முன்பே, 550-களில் முடிந்தது. யோர்டானஸ் தன் நூலை எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அந்த அரசு சாகக் கிடந்தது. யாரும் துரத்தப்பட்டுக் காணாமல் போகவில்லை. பிள்ளைகள் வேறு மொழி பேச ஆரம்பித்தார்கள், வேறு பெயரில் வாழ்ந்தார்கள். மொழி மட்டும் கிரிமியாவில் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூதராகப் போன புஸ்பெக் அங்கிருந்து வந்தவர்களிடம் கேட்டு, எண்பது சொச்சம் சொற்களைக் குறித்து வைத்தார். அதோடு சரி.

பெயர் மட்டும் ஆள் இல்லாமலே பயணம் செய்தது. 'கோத்திக்' என்று நாம் சொல்லும் கூர்மாடத் தேவாலயங்களுக்கும் கோத்துகளுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பாணி 12-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் பிறந்தது. இத்தாலிய மறுமலர்ச்சிக்காரர்கள் 'காட்டுமிராண்டித்தனம்' என்ற அர்த்தத்தில் வைத்த வசவுப் பெயர் அது. ஸ்வீடன் அரசர்களோ 'கோத்துகளின் அரசர்' என்ற பட்டத்தை 1973 வரைக்கும் விடவில்லை.

இதுவரைக்கும் வேடிக்கைதான். இனிமேல்தான் வேடிக்கை இல்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாஃப் கோசின்னா என்ற ஜெர்மன் தொல்லியலாளர் ஒரு சூத்திரம் சொன்னார். தெளிவான எல்லை உள்ள ஒரு தொல்லியல் பண்பாடு இருந்தால், அது ஒரு தனி இனத்தின் நிலம். பானை எங்கேயோ இனம் அங்கே. அவர் 1931-இல் இறந்தார். அவருடைய சூத்திரம் நாஜிகளின் கைக்குப் போனது. பானை கிடைத்த நிலமெல்லாம் முன்னோர் நிலம், முன்னோர் நிலமெல்லாம் நம் நிலம் என்று அதை நீட்டினார்கள். 1939-இல் போலந்தைப் பிடித்ததும் பால்டிக் கரையில் இருந்த கிடினியா துறைமுகத்துக்கு 'கோட்டன்ஹாஃபன்' என்று பெயர் மாற்றினார்கள். கோத்துகளின் துறைமுகம்! அங்கே வாழ்ந்த போலந்து மக்களை ஆயிரக்கணக்கில் வீட்டை விட்டுத் துரத்தினார்கள். வியெல்பார்க்குக்கு முந்தைய பண்பாட்டுக்குப் பெயர் கொடுத்த ஒக்சிவியே இருக்கிறதே, அது இன்றைக்கு இந்த கிடினியா நகரத்தின் ஒரு பகுதிதான். கிரிமியாவுக்கும் இதே திட்டம் இருந்தது. செவஸ்டோபோலுக்குத் தியோடரிக் பெயரை வைப்பதாக இருந்தார்கள்.

முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்தச் சின்ன நூல்? டாசிடஸின் 'ஜெர்மானியா'வின் பழைய கைப்பிரதி ஒன்று இத்தாலியில் ஒரு பிரபு குடும்பத்திடம் இருந்தது. 1943-இல் ஹிம்லரின் எஸ்.எஸ். படையினர் அதைத் தேடி அந்தக் குடும்பத்தின் மாளிகைக்குள் புகுந்து உடைத்துப் பார்த்தார்கள். பிரதி வேறு இடத்தில் இருந்ததால் தப்பியது. ரோமர்களைக் குத்திக்காட்ட ஒரு ரோமானியர் எழுதிய வாக்கியங்கள், 1,800 வருஷம் கழித்து இனத் தூய்மைக்குச் சான்றிதழாகத் தேவைப்பட்டன.

போர் முடிந்த பிறகுதான் வரலாற்றாளர்கள் வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தார்கள். 1961-இல் ரைன்ஹார்ட் வென்ஸ்குஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர், ஒரு சிறிய குழு பழைய பெயரையும் கதையையும் சுமந்துவரும், மற்றவர்கள் அதைச் சுற்றி வந்து சேர்வார்கள், அப்படித்தான் குடிகள் உருவாகின்றன என்று வாதிட்டார். சேர்ந்தவர்கள் எவ்வளவு பேர், மையத்தில் இருந்தவர்கள் எவ்வளவு பேர் என்பதில் இன்றைக்கும் சண்டை உண்டு. பீட்டர் ஹெதர் போன்றவர்கள் குடும்பம் குடும்பமாகப் பெரிய கூட்டங்கள் நகர்ந்தது நிஜம் என்பார்கள். வால்டர் கோஃபார்ட் போன்றவர்கள் யோர்டானஸின் பூர்வகதையையே நம்ப வேண்டாம் என்பார்கள். 2023 மரபணு முடிவுகள் இந்தச் சண்டையில் முதல் தரப்புக்குக் கொஞ்சம் பலம் சேர்க்கின்றன. ஆனால் அதை வைத்து மறுபடி கோசின்னாவிடம் போய்விடக் கூடாது. எலும்பில் இருக்கும் மரபணு, அந்த ஆளின் முன்னோர் எந்தத் திசையிலிருந்து வந்தார்கள் என்று சொல்லும். அவர் தன்னை என்னவென்று அழைத்துக்கொண்டார் என்பதைச் சொல்லாது. உல்ஃபிலாவின் எலும்பு கிடைத்திருந்தால் அது கப்படோசியாவைக் காட்டியிருக்கும். அவர் எழுதியதோ கோத் மொழி.

பாசல் மாநாட்டில் அந்த இரண்டு தரப்பும் "கோத்துகள் எங்கிருந்து கிளம்பினார்கள்" என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிட்டன. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: வடக்கிலிருந்து. ஆனால் கிளம்பியவர்கள் யார், வழியில் சேர்ந்தவர்கள் யார், ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்டால்தான் கைதியின் பேரனும், நாய்க்கு விற்கப்பட்ட பிள்ளையும், மனைவி மக்களை இழந்த சிப்பாயும், ரோமிலிருந்து ஓடி வந்த அடிமையும் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ரோமை நடுங்க வைத்த கோத்துகள் அவர்கள்தான். மூன்று கப்பலில் அத்தனை பேருக்கு இடம் பத்தாது.